இரண்டுக்கும் ஒரே கார்டு

கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு முன்னால் மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். எனக்குப் பெண் தேடுகிறவர்கள்கூட அந்த அளவுக்கு விசாரித்திருக்க மாட்டார்கள். எந்தக் கார்டில் எவ்வளவு மெமரி, எது எவ்வளவு கரண்ட் இழுக்கும், எதில் விளையாட்டு தடுக்காமல் ஓடும், எது மைனிங்குக்குத் தாங்கும் என்று நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு எழுதினேன். எனக்குத் தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர் வேலை. காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் எங்கள் தெருவில் யார் லேப்டாப் வாங்கினாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அந்தத் திமிரும் சேர்ந்துகொண்டது.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறேன். ஒரு முட்டாள்தனத்தை இவ்வளவு சுத்தமாக எழுதி வைத்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கார்டு தேவைப்பட்டது எனக்கில்லை, அப்பாவுக்கு.

அப்பா பஸ் டிரைவர். காரைக்காலில் கிளம்பி திருநள்ளாறு வழியாக அம்பகரத்தூர் போய்த் திரும்பும் தனியார் பஸ்ஸை இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். கண்ணில் பிரஷர் வந்து பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. நேரே பார்ப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. ஒரு நாள் காலை டிரிப்பில் ஸ்டாப்பிங்கிலிருந்து வண்டியை எடுக்கும்போது, இடது பக்கம் நின்ற சைக்கிள் அவர் கண்ணில் படவில்லை. கண்டக்டர் கத்தினார். வண்டி நின்றது. சைக்கிளின் மட்கார்டு வளைந்ததோடு போயிற்று, யாருக்கும் அடியில்லை. அன்று சாயங்காலமே சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். முதலாளி ஒரு மாசம் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். "கண்ணுக்கு லீவு குடுத்தா திரும்பி வராதுங்க" என்று சொல்லிவிட்டு வந்ததாக எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

போன பார்வை வராது என்று டாக்டர் சொன்னார். சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அது எத்தனை நாளைக்கு என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அவர் இதைச் சொன்னபோது அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அதற்கப்புறம் கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் மூடியது, சம்பளம் பாதியானது. வீட்டில் சும்மா கிடந்த நாட்களில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பழைய கம்ப்யூட்டரில் இறக்கினேன். எங்கோ இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் அதில் நம் பக்கத்து பஸ்ஸை அப்படியே செய்து போட்டிருந்தார்கள். முன்கண்ணாடிக்கு மேலே சாமி பெயர், உள்ளே சீரியல் பல்பு, இழுத்து இழுத்துக் கத்தும் ஏர் ஹாரன் எல்லாம் இருந்தது. நான் ஹாரனை அடித்துப் பார்த்தேன். கொல்லைப்புறத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா வாயில் நுரையோடு வந்து நின்றார்.

"யாரு வண்டி அது?" என்றார்.

ஸ்டியரிங், பெடல், கியர் மூன்றும் சேர்ந்த செட் ஒன்றைப் பழசாக வாங்கி வந்து கூடத்து மேஜையில் திருகி மாட்டினேன். அப்பா முதல் நாள் அதில் உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வெற்றுடம்போடு வண்டி எடுக்கக் கூடாதாம். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, உள் கண்ணாடி மூன்றையும் பார்த்தார். அப்புறமும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா?"

"ரைட் சொல்ல ஆளில்லையேப்பா."

அடுப்படியிலிருந்து அம்மா, "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்தாள். வண்டி கிளம்பியது. அம்மா கரண்டியோடு வந்து நின்று, "சில்லறையா குடுங்க, சில்லறையா குடுங்க" என்று அவர் தோளைத் தட்டினாள். அப்பா திரும்பவே இல்லை. "ஓட்டுறப்ப டிரைவர்கிட்ட பேசாதீங்கம்மா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு இருந்ததில்லை.

மானிட்டர் முழுவதும் அவருக்கு மிச்சமிருந்த பார்வைக்குள் அடங்கிவிட்டது. ஓரத்திலிருந்து எதுவும் திடீரென்று வந்து பயமுறுத்தவில்லை. "ரோடு இப்பதான் என் கண்ணு அளவுக்கு வந்திருக்கு" என்றார்.

ஆனால் பழைய கம்ப்யூட்டரால் முடியவில்லை. கடைத்தெரு மாதிரி ஏதாவது வந்தால் படம் விக்கி விக்கி நின்றது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் வண்டி திரும்பியது. "டீசல்ல தண்ணி கலந்திருக்கு" என்று அப்பா தீர்ப்பு சொன்னார். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்றேன். "அப்ப போட்டுருவோம்" என்றார். வேலையை விட்டபோது முதலாளி கொடுத்த பணத்தில் பாதியை எடுத்து என்னிடம் தந்தார்.

இங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

அந்தச் சமயம் எங்கே பார்த்தாலும் மைனிங் பேச்சு. கிராஃபிக்ஸ் கார்டை நாள் முழுக்க ஓட விட்டால், அது யாருக்காகவோ என்னவோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும், கூலியாக கிரிப்டோ நாணயத்தில் ஒரு துணுக்கு வந்து விழும். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான், ஆசைப்படுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. பாதிச் சம்பளக்காரனுக்குத் தூங்கும்போதும் காசு வரும் என்றால் வேறென்ன வேண்டும்? அப்பா எப்படியும் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓட்டுவார். மிச்ச நேரம் கார்டு சும்மாதானே கிடக்கும். நம் ஊரில் கரண்டும் சலிசு. இரண்டுக்கும் ஆகிற மாதிரி ஒரு கார்டாக வாங்கிவிட்டால் போட்ட காசும் திரும்பிவிடும், அப்பாவுக்கு பஸ்ஸும் கிடைக்கும். நோட்டில் கட்டம் போட்டது இதற்காகத்தான்.

கடைக்கு அப்பாவும் வந்தார். கடைக்காரர் இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, புதுசு, நாலு ஜிபி மெமரி. பஸ் விளையாட்டுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் நான் நினைத்த நாணயத்துக்கு அந்த மெமரி பற்றாது. மற்றது எட்டு ஜிபி, பெரிசு, இரண்டு ஃபேன், ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது. அப்போது புதிதாக வரும் விளையாட்டுக் கார்டுகளில் மைனிங் வேகத்தைக் கம்பெனியே குறைத்து விற்க ஆரம்பித்திருந்தார்கள். இது அதற்கு முந்தைய சரக்கு, கட்டுப்பாடு கிடையாது. அதனால் பழசுக்கே புதுசைப் போல மூன்று மடங்கு விலை.

"ரெண்டுக்கும் ஆகும்தானே?" என்று கேட்டேன்.

"ஆகும் சார். ஆனா ரெண்டுக்கும்னு சொல்லி வாங்கிட்டுப் போறவங்க எல்லாரும் கடைசில ஒண்ணுக்குத்தான் ஓட்டுறாங்க" என்றார் கடைக்காரர். வியாபாரம் செய்கிற இடத்தில் இப்படி உண்மை பேசுகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த உண்மையை நான் காதில் வாங்கவும் இல்லை.

அப்பா பெரிய கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். கனம் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குங்க?"

எனக்கு மானம் போயிற்று. "அப்பா, இது வண்டி இல்ல" என்றேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. "ஐயா சரியாத்தான் கேக்குறாரு. மைனிங்ல கொஞ்ச நாள் ஓடினதுதான்" என்றார்.

"காய்ஞ்ச வாசனை வருது. சூட்டுலயே ஓட்டியிருக்காங்க" என்றார் அப்பா. அப்புறம் சின்னக் கார்டைக் காட்டி, "எனக்கு இது போதும்ல?" என்று என்னைக் கேட்டார்.

போதும் என்பதுதான் பதில். என் நோட்டிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. நான், "பெருசா வாங்கிட்டா ரெண்டுக்கும் ஆகும்ப்பா" என்றேன். அவருடைய பணத்தோடு என் சேமிப்பையும் போட்டுப் பெரியதை வாங்கினேன்.

வண்டியில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா தன் முதலாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி வந்தாலும் சரி, கல்யாண முகூர்த்தம் வந்தாலும் சரி, முதலாளி ரூட் பஸ்ஸை ஸ்பெஷல் டிரிப்புக்கு விட்டுவிடுவாராம். ரூட்டில் நாளெல்லாம் ஓட்டினாலும் வராத காசு ஒரு ஸ்பெஷலில் வந்துவிடும்.

"பெர்மிட்டு ரூட்டுக்கு. காசு ஸ்பெசல்ல. என்ன பண்ணுறது? நான்தான் ஓட்டிட்டுப் போவேன். வழியில நம்ம ஸ்டாப்பிங்ல நம்ம சனம் நிக்கும். தெனம் ஏறுறவங்க. நம்ம வண்டி வந்துருச்சுன்னு கையக் காட்டுவாங்க. அப்ப மட்டும் நான் பக்கத்துல பாக்கவே மாட்டேன். நேராப் பாத்துப் போயிருவேன்."

"அது பஸ்ஸுப்பா. இது ஒரு நிமிசத்துல மாத்திக்கலாம்" என்றேன்.

"மாத்திக்கலாம்தான்" என்றார்.

முதல் ஒரு மாதம் நான் சொன்னபடிதான் நடந்தது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை அப்பாவின் நேரம். ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு தயாராகிவிடுவார். நான் மைனிங்கை நிறுத்திவிட்டு விளையாட்டைப் போட்டுக் கொடுப்பேன். படம் அப்போது வழுக்கிக்கொண்டு ஓடியது. விளையாட்டில் வந்தது ஏதோ பெயர் தெரியாத சாலைதான். அப்பா அதில் எங்கள் ரூட்டைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு பெட்ரோல் பங்கு வந்தால் திருநள்ளாறு. அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிறுத்துவார், வெளியூர்க்காரர்கள் பையோடு ஏறி இறங்க நேரமாகுமாம். பாலம் தாண்டி ஒரு வேப்பமரம் வந்தால் அம்பகரத்தூர். அம்மன் கோயில் இருக்க வேண்டிய திசையைப் பார்த்து ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். "எறங்குறவங்க எல்லாம் எறங்கியாச்சா?" என்று கேட்டால் அம்மா எங்கிருந்தாலும், "ஆச்சு ஆச்சு, ரைட்!" என்பாள்.

அந்த ஒரு மாதத்தை அப்படியே நீட்டியிருக்கலாம். அதற்கு நான் எதுவுமே செய்திருக்க வேண்டாம், கார்டைச் சும்மா விட்டிருந்தால் போதும்.

மைனிங்குக்கு என்று போனில் ஒரு செயலி இருந்தது. அன்றைக்கு எவ்வளவு சேர்ந்தது, இந்த வேகத்தில் போனால் நாளைக்கு எவ்வளவு என்று காட்டும். பல் துலக்கும்போது பார்த்தேன், சாப்பிடும்போது பார்த்தேன். அப்பா ஓட்டுகிற நேரத்தில் அதில் கோடு கீழே இறங்கி ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா ஒரு மணி நேரம் ஓட்டினால் எனக்குப் போவது ஒரு டீக் காசு. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். கடையில் நின்று ஒரு டீ குடிப்பதற்கு ஆகிற காசு.

ஒரு நாள் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். மைனிங்கை நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைத்துப் பின்னால் ஓடவிட்டு, முன்னால் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்பா இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போதே, "லோடு ஏத்தியிருக்கியா என்ன? வண்டி கனக்குது" என்றார்.

"இல்லப்பா" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு ஓட்டினார். மறுநாளிலிருந்து நான் இரண்டையும் சேர்த்து ஓட்டவில்லை. அதற்குப் பதிலாக அவருடைய நேரத்தைக் குறைத்தேன். ஐந்திலிருந்து ஏழு என்பது ஆறு வரை என்றாயிற்று. அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள். நாணயத்தின் விலை ஏற ஏற, "இந்த வாரம் மட்டும்ப்பா, ஞாயித்துக்கெழம ஓட்டுங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்ததும், நாளைக்கு என்றேன். அப்பா ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஐந்து மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்கு வருவார். கம்ப்யூட்டர் பக்கம் ஒரு நிமிஷம் நிற்பார். ஃபேன் இரைந்துகொண்டிருக்கும். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து செய்தி பார்ப்பார். நான் போனைப் பார்த்துக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். நேராகப் பார்த்துக்கொண்டு.

ஆயுத பூஜை வந்தது. ஊரில் அப்பா அளவுக்கு அந்த நாளைக் கொண்டாடியவர் யாரும் இருக்க மாட்டார்கள். பஸ் ஓட்டிய காலத்தில் முதல் நாளே வண்டியைக் கழுவி, சக்கரத்தின் இடுக்கில் இருக்கிற சேற்றைக்கூடச் சுரண்டி எடுப்பார். வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நிறுத்திய பிறகு, பூஜை முடியும்வரை முதலாளியே கேட்டாலும் சாவியைத் தர மாட்டார். பூஜைக்கு வைத்த ஆயுதத்தைத் தொடக் கூடாது, அது உழைத்த உழைப்புக்கு அன்றைக்கு ஓய்வு. ரூட்டை விட்டுக் கொடுத்த மனிதர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக் கொடுத்ததில்லை.

முதல் நாள் என்னிடம் வந்து, "தம்பி, நாளைக்கு ஒரு நாள் கார்டுக்கும் லீவு குடுத்துடு. ஸ்டியரிங்கோட சேத்துப் பூஜையில வச்சுருவோம்" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்கிற ஆளில்லை, தனக்காகக்கூடக் கேட்க மாட்டார். கார்டுக்காகக் கேட்டார்.

"சரிப்பா, காலைலயே நிறுத்திடுறேன்" என்றேன்.

காலையில் செயலியைப் பார்த்தேன். விலை ஏறியிருந்தது. இத்தனை நாள் ஓடிவிட்டு ஏறுகிற நாளில் நிறுத்துவதா என்று மனசு கேட்கவில்லை. மானிட்டரை அணைத்தேன். கேபினெட்டில் கலர் கலராக எரியும் விளக்கின் ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று ஃபேன் வேகத்தைக் குறைத்து வைத்தேன். பார்க்கிறவர்களுக்கு நிறுத்தி வைத்த பெட்டி. உள்ளே கார்டு ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் படித்த படிப்பை என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேர்த்தியாக நான் பயன்படுத்தியது அன்றைக்குத்தான்.

அம்மா ஸ்டியரிங்குக்குச் சாமந்திப்பூ சுற்றினாள். பொரி, கடலை, வாழைப்பழம் வைத்தாள். தையல் கத்தரிக்கோலும் அரிவாள்மனையும் பக்கத்தில் இருந்தன. அப்பா குளித்துவிட்டு வந்து ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தார். அப்புறம் கேபினெட்டின் மேலே சந்தனத்தை வைத்துவிட்டு உள்ளங்கையை அதன் மேல் பதித்தார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

தீபாராதனை முடிவதற்குள் கேபினெட்டில் வைத்த சந்தனம் மட்டும் காய்ந்து, விரிந்து, தூளாக உதிர்ந்தது. "என்னங்க இது, சந்தனம் இப்படி ஒடனே காயுது?" என்றாள் அம்மா.

"பொரட்டாசி வெயிலு" என்றார் அப்பா.

வெளியே மூட்டம் போட்டிருந்தது. தப்பித்தேன் என்று நான் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் அப்பா கேட்கவில்லை. ஐந்து மணிக்குச் சட்டை போடவில்லை. கூடத்துப் பக்கம் வந்தாலும் கம்ப்யூட்டர் பக்கம் நிற்காமல் போனார். அவருக்கு அலுத்துவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு எனக்கு வசதியாக இருந்தது. அம்மாவிடமும் சொன்னேன். "நீ கேட்டியா அவர?" என்றாள். கேட்கிறேன் என்றேன், கேட்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் தூசி படிந்தது. அம்மா அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

சித்திரையில் ஒரு நாள் அப்பா தட்டிலிருந்த தொட்டுக்கையை விட்டுவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டு எழுந்தார். தட்டின் அந்தப் பக்கம் அவருக்குத் தெரியவே இல்லை. பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனோம். ஆபரேஷன் செய்தார்கள், பிரஷர் இறங்கியது, பார்வை இறங்கினது இறங்கினதுதான். ஆடி பிறப்பதற்குள் வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது நிழலாகத் தெரியும் என்கிற நிலைக்கு வந்துவிட்டார். அப்போதும் அவர்தான் எங்களைச் சமாதானப்படுத்தினார். "பாக்க வேண்டியதெல்லாம் ரூட்டுலயே பாத்தாச்சு" என்றார்.

அந்த வருஷம் ஆவணி முடிகிற சமயத்தில் என் நாணயக்காரர்கள் ஏற்பாட்டையே மாற்றிவிட்டார்கள். இனிமேல் கணக்குப் போட கார்டே வேண்டாம் என்றார்கள். அப்படி ஒரு மாற்றம் வரப் போகிறது என்று எனக்கு முன்னாலேயே தெரியும், நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கூட வைத்திருந்தேன். 'எப்போது என்று தெரியாது' என்று பக்கத்தில் குறித்திருந்தேன். எப்போது என்று தெரியாத இரண்டு விஷயங்களில் நான் ஒன்றைத்தான் எழுதினேன். மற்றதை டாக்டர் வாயால் கேட்டும் எழுதவில்லை. மற்ற நாணயங்களில் ஓட்டிப் பார்த்தேன், கரண்ட் காசுக்குக்கூடத் தேறவில்லை. கடையில் விசாரித்தால் மேஜை நிறைய பழைய கார்டுகள் குவிந்து கிடந்தன. வாங்க ஆளில்லை.

நாள் முழுக்க இரைந்துகொண்டிருந்த கூடம் அமைதியானது. இப்போது கார்டு இருபத்துநாலு மணி நேரமும் அப்பாவுக்குத்தான்.

ஸ்டியரிங்கை மூடியிருந்த துண்டை எடுத்துத் துடைத்தேன். "அப்பா, ஓட்டுறீங்களா? இனிமே எப்ப வேணாலும் ஓட்டலாம்" என்றேன். என் குரலில் இருந்த தாராளத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. அவர் மறுக்கவில்லை. சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணாடி பார்க்கவில்லை. அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்று, மெதுவாக, "போலாம் ரைட்" என்றாள்.

வண்டி நகர்ந்தது. ஹாரன் அடித்தார். முதல் கியர், இரண்டாவது கியர், எல்லாம் கை தானாகவே செய்தது. வளைவு எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார். நான் இடது என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி நடைபாதையில் ஏறி இடித்து நின்றது. விளையாட்டில் அதற்கெல்லாம் ஒன்றும் ஆகாது, ஒரு பொத்தானை அழுத்தினால் மறுபடி ரோட்டில் வந்து நிற்கும். "பரவால்லப்பா, எடுங்க" என்றேன்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார்.

"வேணாம் தம்பி. ஸ்டாப்பிங்ல யாராச்சும் நிக்கிறாங்களான்னே தெரியல. நிறுத்திடு."

நிறுத்தினேன். அவர் எழுந்து போகும்வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா வந்து பார்த்துவிட்டுக் குழாயை மூடிவிட்டுப் போனாள். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

பத்துப் பதினைந்து நாளில் அந்த வருஷத்து ஆயுத பூஜை வந்தது. அப்பா எதுவும் கேட்கவில்லை. நானே முதல் நாள் கேபினெட்டைத் திறந்து, கார்டைக் கழற்றி, ஃபேன் இடுக்கில் இருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டி எடுத்து, துடைத்து மாட்டினேன். பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிப் போட்டேன். அம்மா வழக்கம்போல் ஸ்டியரிங்குக்குச் சாமந்தி சுற்றினாள்.

அப்பா குளித்துவிட்டு வந்தார். தடவித் தடவி ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்தார். "பெட்டி எங்க?" என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து கேபினெட்டின் மேல் வைத்தேன். சந்தனத்தை வைத்துவிட்டு, உள்ளங்கையைப் பதித்து, போன வருஷம் போலவே கொஞ்ச நேரம் நின்றார்.

"சில்லுன்னு இருக்கு" என்றார். "போன வருசம் சுட்டுச்சு."

குங்குமத்துக்காக அம்மா இருந்த பக்கம் கையை நீட்டினார்.